மூன்று மூலை வண்டி

சபரிநாதனின் பழைய காருக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. எதிலாவது போய் மோதினால் உள்ளே இருக்கும் நான்கு பேரும் ஒரே மாதிரி சாவார்கள். அப்பா, அம்மா, பெண், பிள்ளை என்று அது ஆள் பார்க்காது. பதினாறு வருஷம் அதில் ஏறி இறங்கியும், அது ஒரு குணம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் குறைதான். இடது பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். மழை வந்தால் ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுகொள்ளும், மகள் மகிழினி இரண்டு கைகளாலும் பிடித்து மேலே இழுப்பாள். ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது சுந்தராபுரம் சிக்னலில் வண்டி நின்றுவிட, மனைவி பூரணி பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினாள். சபரிநாதன் உள்ளே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார்.

கையால் ஓட்டும் வண்டிகள் பொங்கலுக்குப் பிறகு நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது என்று சட்டம் வந்தது. இனி வேறு வழியில்லை, தானாக ஓடும் புது வண்டி வாங்கியாக வேண்டும்.

மூன்று வாரம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. சபரிநாதனுக்குக் கிரைண்டர் உதிரிபாகம் செய்யும் பட்டறை. எதை வாங்கினாலும் பத்து வருஷம் கழித்து அது என்ன விலைக்குப் போகும் என்றுதான் முதலில் பார்ப்பார். பதினோரு வயது மகன் அகரனுக்கு வண்டி சிவப்பாக இருந்தால் போதும். பதினேழு வயது மகிழினி ஒவ்வொரு கம்பெனியின் பொடியெழுத்தையும் உட்கார்ந்து படித்தாள். பூரணியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததை அவளும் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நால்வரும் அவிநாசி சாலையில் இருந்த ஒரு ஷோரூமுக்குப் போனார்கள். ரெஜினா என்ற விற்பனைப் பெண் அவர்களை ஒரு வண்டிக்குள் உட்கார வைத்தாள். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. நான்கு மூலையில் நான்கு இருக்கைகள், நடுவில் தட்டு வைக்கிற அளவுக்கு ஒரு மேசை, எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார வேண்டும்.

"இது மூணு மூலை வண்டி சார். அந்தப் பக்கம் நிக்கறது நாலு மூலை" என்றாள் ரெஜினா.

"எல்லா வண்டிக்கும் மூலை நாலுதானுங்களே?" என்றார் சபரிநாதன்.

"காப்பாத்தற மூலையைச் சொல்றேன் சார். ஒரு வண்டி மோதத்தான் போகுது, தப்பிக்க வழியே இல்லைன்னு வெச்சுக்கோங்க. கடைசி அரை நொடியில இது தன்னைத்தானே திருப்பிக்கும். திருப்பி ஒரு மூலையை எதிர்ல குடுத்துரும். அந்த மூலை மொத்தமா நசுங்கி அடி பூராவும் வாங்கிக்கும். மத்த மூணு மூலைல இருக்கறவங்க எந்திரிச்சு நடந்து வீட்டுக்குப் போலாம்."

"நாலு மூலை வண்டின்னா?"

"அதுல மூலையைக் குடுக்கவே வேண்டாம். சுத்தியும் தனி அரண். அதனாலதான் விலை ஒம்போது லட்சம் கூட."

பூரணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அந்த நசுங்கற மூலைல இருக்கறவங்க என்னாவாங்க கண்ணு?"

ரெஜினா இந்தக் கேள்விக்குப் பழகியிருந்தாள். "மூணு பேர் போனா காலி மூலையைக் குடுத்துரும் மேடம், ஒண்ணும் பயமில்லை. நாலு பேரும் இருந்தா மட்டும்தான் வரிசை பாக்கும். யாரு ஒண்ணாவது, யாரு நாலாவதுன்னு ஓனர் முன்னாடியே போட்டுக் குடுக்கணும். எந்த மூலைல யார் உக்காந்திருக்காங்கன்னு வண்டிக்குத் தெரியும். நாலாவது ஆள் இருக்கற மூலையைக் குடுக்கும்."

"வண்டியே முடிவு பண்ணிக்கக் கூடாதா?" என்று கேட்டான் அகரன்.

"கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிருச்சு தம்பி. மெஷின் மனுசங்களைத் தரம் பிரிக்கக் கூடாதாம்."

ஆகவே மனிதர்களையே பிரித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பு வந்த அன்று இது பெரிய நியாயம் என்று ஊரே பேசியது.

மகிழினி அம்மாவின் பக்கம் திரும்பவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். "அப்பா, நாம நாலு பேர். நாலு மூலை வண்டிதான் வாங்கோணும். இதுல யோசிக்க என்னங்கப்பா இருக்குது?"

"ஒம்போது லட்சத்துக்குப் பட்டறைல ஒரு லேத் மெஷினே வாங்கிப் போடலாம் சாமி."

"லேத்தா நம்மளக் காப்பாத்தும்?"

அப்பனும் மகளும் ஷோரூம் நடுவில் குரலை உயர்த்தப்போகிறார்கள் என்று பூரணிக்குத் தெரிந்துவிட்டது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் சத்தம் கூடாது என்பது அவள் கொள்கை. "மூணு மூலையே போதுமுங்க. நாலாவதா என்னையப் போட்டுருங்க" என்றாள்.

சொன்ன விதத்தைக் கேட்டால் உயிர்ப் பேச்சு என்றே தோன்றாது. கல்லில் ஒட்டிப் பிய்ந்துபோகும் முதல் தோசையை இருபது வருஷமாக அவள்தான் தின்கிறாள். அது எப்படி அவள் தட்டுக்கு வந்ததோ அப்படியே நாலாவது மூலையும் வந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

"அம்மா, உனக்கு லூசா?" என்றாள் மகிழினி.

"சும்மா இரு அம்மிணி. வாரத்துல ஒரு நாள் நாலு பேரும் போவோம். அதுக்குப் போயி ஒம்போது லட்சமா?"

சபரிநாதன் மூன்று மூலை வண்டியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். சத்தம் நன்றாக இருந்தது.

யார் பெயரில் வாங்குவது என்பதை ஜோசியர் முடிவு செய்தார். சபரிநாதனின் ராசிக்கு அந்த வருஷம் வாகன யோகம் இல்லை, அஷ்டமத்துச் சனி வேறு. "வீட்டம்மா பேர்ல எடுங்க, ஜம்முனு ஓடும்" என்றார் அவர். நம் ஊரில் எத்தனையோ பெண்கள் இப்படித்தான் சொத்துக்காரிகள் ஆகியிருக்கிறார்கள். பூரணிக்கும் இது முதல் தடவை இல்லை. பட்டறையின் மின் இணைப்பு அவள் பெயரில்தான், காலி மனை ஒன்றும் அவள் பெயரில்தான். கணவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். அதோடு சரி.

வண்டி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் இருந்ததால் பிள்ளைகள் வரவில்லை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் வண்டி வாசலைத் தாண்டியாக வேண்டும். பூரணியின் ஒரு கையில் ஆரத்தித் தட்டு, இன்னொரு கையில் சக்கரத்துக்குக் கீழே வைக்க நான்கு எலுமிச்சம்பழம். சிவப்பு வண்டி மாலை போட்டுக்கொண்டு நின்றது. சபரிநாதன் ஒரு ஓரமாக நின்று, பலகை போன்ற கணினியில் எதையோ தட்டித் தட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். நிரப்பி முடித்தபோது மணி பத்து இருபத்திரண்டு.

"பூரணி, ரேகை வை."

ரெஜினா குறுக்கே வந்தாள். "மேடம், வரிசை அதுலதான் இருக்கு. ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு வைங்க."

"அதெல்லாம் நான் பாத்துட்டனுங்க. பத்தரைக்கு ராகு காலம்" என்றார் சபரிநாதன்.

பூரணி பழங்களை மடியில் போட்டுக்கொண்டு, கட்டை விரலைச் சேலையில் துடைத்து, கண்ணாடியில் அழுத்தினாள். தட்டில் எரிந்த கற்பூரம் அணைந்துவிடுமோ என்ற கவலைதான் அவளுக்கு. கணினி பச்சையாகி ஒரு மணி அடித்தது. நான்கு சக்கரமும் நான்கு பழத்தின் மேல் ஏறி இறங்கின. பத்து இருபத்தொன்பதுக்கு வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. சபரிநாதன் கடிகாரத்தைப் பார்த்து, "கரெக்ட்டு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனார்கள். வண்டி தானே போனது. அகரன் நடு மேசையில் முறுக்கைக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தான். லாரி மாதிரிப் பெரிய வண்டி எதிரே வந்தால் தயார் நிலைக்காக வண்டி ஓடியபடியே லேசாகச் சுழன்று ஒரு மூலையை அதற்கு நேராக வைத்துக்கொள்ளும், தலை சுற்றுவதுபோல் இருந்தால் பயப்பட வேண்டாம் என்று ரெஜினா சொல்லியிருந்தாள்.

கிணத்துக்கடவு தாண்டியதும் எதிரே ஒரு தேங்காய் லாரி வந்தது. பூரணி நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டாள். இப்போது திரும்பும், என் மூலையைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைக்கும் என்று மாசாணியம்மாவை நினைத்தபடி காத்திருந்தாள். வண்டி சுழன்றது. அவள் மூலை லாரியை விட்டு விலகிப் பின்னால் போனது. எதிர் மூலையில் மகிழினி, காதில் பாட்டு கேட்டபடி, லாரியின் விளக்குகளுக்கு நேராக வந்து நின்றாள். லாரி கடந்தது. வண்டி பழையபடி நேரானது.

ஏதோ ரோட்டு வளைவு, அதனால் அப்படி என்று பூரணி நினைத்தாள். இரண்டாவது லாரிக்கும் அப்படியே. மூன்றாவதுக்கும் அப்படியே.

பொள்ளாச்சியில் இளநீர் குடிக்க இறங்கினார்கள். ஏறும்போது, "எனக்கு இந்தப் பக்கம் வெயில் அடிக்குது மகி, நீ இங்க உக்காரு" என்று மகளை இடம் மாற்றினாள். அடுத்த லாரிக்கு வண்டி வேறு பக்கமாகச் சுழன்றது. மறுபடியும் மகிழினிதான் முன்னால் இருந்தாள். கோயிலில் பூரணி என்ன கும்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. திரும்பும்போது இடுப்பு வலிக்கு மகளின் இருக்கைதான் தோது என்று தான் அதில் உட்கார்ந்து, சபரிநாதனை எழுப்பி மகளை அங்கே உட்கார வைத்தாள். லாரி வந்தது. மகிழினி எந்த மூலைக்குப் போனாலும் வண்டி தேடிக் கண்டுபிடித்து அவளைத்தான் நீட்டியது.

மகிழினி காதில் இருந்த பாட்டை எப்போதோ நிறுத்தியிருந்தாள். ஜன்னலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பூரணி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

மறுநாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, சபரிநாதன் இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, வரிசைல கடைசி ஆரைப் போட்டீங்க?"

அவர் ஒன்றும் திடுக்கிடவில்லை. சட்னியைத் தொட்டு இன்னொரு வாய் வைத்துக்கொண்டு, "மகியை" என்றார்.

"என்னையத்தான போடச் சொன்னேன்?"

"நீ சொன்னா? நான் போட்டுருவனா? நீ போயிட்டா இந்த வூடு என்னாகறது? அகரனை ஆரு பாக்கறது, எனக்குச் சோறு ஆரு போடறது? பையன் ஒண்ணு. பட்டறைக்கு ஆள் வேணுமே, நான் ரெண்டு. நீ மூணு. உன்னையப் போயி கடைசியாப் போடுவனா பூரணி?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல நன்றாக இல்லைதான். இருபது வருஷத்தில் அந்த மனிதர் அவளிடம் சொன்னதிலேயே அன்பான பேச்சு அதுதான். அது அவளுக்கு இனித்தது. இவர் என்னைக் கைவிடவில்லை என்று ஒரு நொடி, முழுதாக ஒரு நொடி, உடம்பெல்லாம் குளிர்ந்தது. அடுத்த நொடியில் அது எதன் மேல் ஏறி வந்த இனிப்பு என்று உறைத்தது. பூரணிக்குத் தன்னையே பிடிக்காமல் போனது அந்த இடத்தில்தான்.

"அவளும் நம்ம புள்ளதானுங்க."

"ஆரு இல்லீன்னா? கணக்காப் பாரு. பிளஸ் டூ முடிக்கப் போறா. ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, கட்டிக் குடுத்துருவோம். அப்பறம் இந்த வண்டில அவ எத்தன நாள் உக்காரப் போறா? எப்படியும் போறவதான? அவளுக்காக ஒரு மூலையை ஒதுக்கறது வேஸ்ட்டு." கொஞ்சம் யோசித்து, "மோதவா போகுது? சும்மா ஒரு எழுத்து. நீயும் ரேகை வெச்சவதான" என்றார். பிறகு இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னார்.

அவள் வைத்தாள். கை தானாக வைத்தது.

அவர் பட்டறைக்குப் போனதும் பூரணி பஸ் பிடித்து ஷோரூமுக்குப் போனாள். ரெஜினாவுக்கு அவளை நினைவிருந்தது.

"வரிசையை மாத்தோணும் கண்ணு. ஆவுமா?"

"ஓனர் நீங்க. நீங்க மட்டும்தான் மாத்த முடியும், சார் நெனச்சாக்கூட முடியாது."

பூரணிக்கு உயிர் வந்தது. அஷ்டமத்துச் சனிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். ரெஜினா கணினியை நீட்டினாள். கண்ணாடியில் நான்கு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கடைசியில் மகிழினி. அதற்குக் கீழே ஒரு வரி: வரிசை அளித்தவர், உரிமையாளர் பூரணி, வெள்ளி, காலை 10.22.

"மாத்துனா ஒரு விசயம் மேடம். இடம் மாறுறவங்களுக்குத் தகவல் போயிரும். பதினாறு வயசு முடிஞ்சிருந்தா அவங்க போனுக்கே நேரா போகும். பழைய இடம், புது இடம், ரெண்டையும் போட்டது யாருன்னு எல்லாம் வரும்."

"எம்பேரா வரும்?"

"ஓனர் பேர்தான் வரும்."

"நான் போடல கண்ணு. அவரு போட்டாரு. நான் ரேகைதான் வெச்சேன்."

ரெஜினா சின்னப் பெண்தான். ஆனால் தினமும் நான்கு குடும்பம் இங்கே உட்கார்ந்து வரிசை போடுவதைப் பார்த்துப் பார்த்து அவள் முகத்தில் ஏதோ ஒன்று காய்ந்துபோயிருந்தது. "அன்னைக்கே படிச்சுப் பாருங்கன்னு சொன்னேன் மேடம்" என்றாள்.

"சொன்னே."

"மாத்தாம விட்டா யாருக்கும் எதுவும் தெரியாது. மோதற வரைக்கும் தெரியாது."

பூரணி கண்ணாடியில் இருந்த நான்கு பெயர்களையும் மறுபடி பார்த்தாள். மாற்றாவிட்டால் மகள் லாரிக்கு முன்னால் நிற்பாள், ஆனால் அம்மாவை நம்பிக்கொண்டு நிற்பாள். மாற்றினால் தப்பிப்பாள், ஆனால் தெரிந்துகொள்வாள். பெற்ற பெண்தானே, எடுத்துச் சொன்னால் புரியாதா என்று கடைசியில் தேற்றிக்கொண்டாள். மகளை மூன்றாவதாகவும் தன்னை நாலாவதாகவும் வைத்து, இந்தத் தடவை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, கட்டை விரலை அழுத்தினாள். மணி அடித்தது. அவள் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை, தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மகிழினி சீருடைகூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் இருந்தது.

"நேத்து எதுக்கும்மா அத்தன தடவை எடம் மாத்தி மாத்தி உக்காந்த?" என்றாள்.

"கண்ணு, அது வந்து..."

"நான் எண்ணிட்டே வந்தேன். பதினாலு லாரி. பதினாலுக்கும் என்னையத்தான் காட்டுச்சு. நானா ஏதோ தப்பா நெனைக்கறேன்னு நெனச்சேன். அப்பறம் நீ மூஞ்சி வெளிறிப் போயி எடம் மாத்துன. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குது, அதான் எம்பக்கத்துல இருந்து தப்பிச்சுத் தப்பிச்சு ஓடறான்னு நெனச்சேன். அப்பவும் நம்பலம்மா. இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு."

"சாமி சத்தியமா நான் போடல. உங்கப்பா போட்டாரு. நான் படிக்காம ரேகை வெச்சுட்டேன் சாமி."

சபரிநாதன் அன்று சீக்கிரமே வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் மகிழினி கேட்டுவிட்டாள். "அப்பா, அம்மா இன்னைக்கு வரிசையை மாத்தியிருக்குது. முன்னாடி என்னையக் கடைசியாப் போட்டது நீங்களா?"

பூரணி கணவன் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய வாழ்க்கை மொத்தமும் அந்த முகத்திலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது. சபரிநாதன் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அடுக்களைப் பக்கம் பார்த்தார். அவர் கொடுமைக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மனிதர், நிம்மதியாக ஒரு டம்ளர் காபி குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"வண்டி உங்கம்மா பேர்ல இருக்குது. ரேகை உங்கம்மாது. இதுல நான் என்னத்தைப் போடறது?" என்றார். "அதான் இப்ப மாத்திட்டாளாமா, விடு." கை கழுவப் போய்விட்டார்.

பூரணி அழுதாள், தலையில் அடித்துக்கொண்டாள், இல்லாத தெய்வத்தையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டாள். மகிழினி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சரிம்மா. அப்பாதான் போட்டாரு, அவரு பொய் சொல்றாருன்னே வெச்சுக்கலாம். நீ படிக்கல. அதானே?"

"ஆமா கண்ணு, படிக்கவே இல்ல."

"எதுக்குப் படிக்கல?"

"பத்தரைக்கு ராகு காலம்னு..."

மகிழினி தலையை ஆட்டினாள். கணக்குப் பாடத்தில் விடை வந்ததும் ஆட்டுவாளே, அதுபோல. எழுந்து உள்ளே போய் சீருடையை மாற்றிக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள்.

அதன் பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. மகிழினி கேட்டதற்குப் பதில் சொன்னாள், வைத்ததைத் தின்றாள், தட்டைத் தானே கழுவி வைத்தாள். ஒரு நாள் முதல் தோசை பிய்ந்தபோது எழுந்து வந்து அதைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "அது எனக்குடி" என்று பூரணி கையை நீட்டினாள். "பரவால்ல, எனக்கு எது எந்த எடம்னு தெரியும்" என்று சொல்லி அங்கேயே நின்று தின்று முடித்தாள். பீளமேட்டில் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கல்லூரியில் சேர்வதாக ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தவள், தேர்வு முடிவு வந்ததும் திருச்சியில் இடம் வாங்கிவிட்டாள். ஹாஸ்டலுக்கும் அவளே எழுதிப் போட்டிருந்தாள்.

"நான் சொல்லல? எப்படியும் போறவதான்னு" என்றார் சபரிநாதன்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை நால்வரும் கிளம்பினார்கள். பெட்டி, தலையணை, வாளி, பூரணி இடித்துக் கொடுத்த பருப்புப்பொடி எல்லாம் நடு மேசையின் கீழ் நெருக்கிக்கொண்டு இருந்தன. காங்கேயம் தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள் வந்தன. வண்டி சுழன்றது. பூரணியின் மூலை முன்னால் வந்தது. லாரியின் பம்பர், அதில் எழுதியிருந்த எழுத்து, ஓட்டுநர் இல்லாத அதன் வெற்றுக் கண்ணாடி, எல்லாம் அவள் முகத்துக்கு நேராக வந்து விலகிப் போயின. அவளுக்குப் பயமே இல்லை. நாலு மாதத்தில் அன்றுதான் மூச்சு சீராக வந்தது. மகளைப் பார்த்தாள்.

"மகி, பாத்தியா கண்ணு?"

"பாத்தேன்" என்றாள் மகிழினி, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இப்ப என்ன பண்ணோணும்? அழுவோணுமா?"

அகரன் சிரித்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. அவன் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் லாரி பக்கம் போனதே இல்லை, ஆகையால் இந்த வண்டி சுழலும் என்பதே அவனுக்கு ஒரு வேடிக்கை.

ஹாஸ்டல் வாசலில் மகிழினி பெட்டியை யாரையும் தொட விடவில்லை. "வரட்டுங்களாப்பா" என்று சபரிநாதனிடம் சொன்னாள். தம்பியின் தலையைக் கலைத்துவிட்டாள். பூரணியின் கையிலிருந்த பருப்புப்பொடி டப்பாவை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்றாள். ஏதோ கடைக்காரம்மாவிடம் சொல்வதுபோல் மரியாதையாகச் சொன்னாள். அவள் படியேறி மறையும் வரை பூரணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை.

திரும்பும் வழியில் அகரன் தூங்கிவிட்டான். மாலை வெயில் உள்ளே விழுந்தது. கரூர் பைபாஸில் ஒரு சிமெண்ட் லாரி எதிரே வந்தது. பூரணி பழக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வண்டி சுழன்று, மகிழினி உட்கார்ந்திருந்த காலி மூலையை எடுத்து லாரிக்கு நேராக வைத்தது. உள்ளே இருந்த மூவரும் பத்திரமாகப் பின்னால் ஒதுங்கினார்கள்.

சபரிநாதனும் அதைப் பார்த்தார். பார்த்துத் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

"பாத்தியா? அன்னைக்கே சொன்னேன், மூணு மூலை போதும்னு. ஒம்போது லட்சம் தண்டமாப் போயிருக்கும்."

பூரணி பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து, தூங்கும் பையனின் கால்களைத் தாண்டி, மகளின் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். இருக்கையில் இன்னும் கொஞ்சம் சூடு இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அடுத்த லாரி தொலைவில் தெரிந்தது. வா என்று அதைப் பார்த்தபடி இருந்தாள்.

வண்டி சத்தமில்லாமல் மறுபக்கம் சுழன்றது. அவள் எழுந்து வந்த காலி இருக்கையை லாரிக்குக் கொடுத்துவிட்டு, அவளை மற்ற இருவரோடும் சேர்த்துப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனது.